துண்டுக்குக் கீழே ஒரு கைதி

பெருந்துறையில் லான்ஸ் நாயக் லட்சுமணசாமியை ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. காலையில் பவானி ஆற்றுப் பாலத்தடியில் வாங்கித் தின்ற மீன் வறுவல் அவனை இரண்டாக மடக்கிப் போட்டிருந்தது. பஸ் கிளம்பி, ஊர் எல்லை தாண்டி, வேகம் பிடித்த பிறகுதான் நாயக் சென்னகிருஷ்ணனுக்கு அந்த விஷயம் உறைத்தது. கைவிலங்கின் சாவி லட்சுமணசாமியின் சட்டைப்பையில் இருக்கிறது.

விலங்கு மட்டும் பத்திரமாக இருந்தது. ஒரு வளையம் சென்னகிருஷ்ணனின் இடது மணிக்கட்டில், மறு வளையம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய் தம்பிதுரையின் வலது மணிக்கட்டில். தம்பிதுரை ஐந்து மாதமாகப் பட்டாளத்துக்குத் திரும்பாமல் பவானியில் ஜமக்காளத் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். உள்ளூர் போலீஸ் பிடித்து வைத்துத் தகவல் கொடுத்தது. ராணுவ போலீஸிலிருந்து இரண்டு பேர் போய்க் கூட்டி வரவேண்டும், மாலை ஆறரைக்குப் போத்தனூர் ஸ்டேஷனில் நிற்கும் ராணுவ ஸ்பெஷல் ரயிலில் அவனுடைய பட்டாளத்து அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். உத்தரவு அவ்வளவுதான். போன தடவை காக்கியோடு போன ஆட்களை ஒரு ஊரே வளைத்துக்கொண்டதால் இந்தத் தடவை வேட்டி சட்டையில் போகச் சொல்லியிருந்தார் மேஜர்.

சாவி விஷயத்தில் தப்பு யாருடையது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கைதியோடு கை கோத்திருக்கிறவனிடம் சாவி இருக்கக் கூடாது, அடுத்தவனிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கைதி கழுத்தை நெரித்தாலும் சாவி கிடைக்காது பாருங்கள். சென்னகிருஷ்ணன் விதிப்படி நடந்தான். விதியும் விதிப்படியே வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

அவன் இடத்தில் வேறொருவன் இருந்தால் வேர்த்திருக்கும். சென்னகிருஷ்ணனுக்கு நெஞ்சு படபடத்தது நிஜம்தான். ஆனால் அது தேர்க் கயிற்றைக் கையில் பிடித்ததும் வருகிற படபடப்பு. ராணுவ போலீஸ் பயிற்சிப் பள்ளியில், கைதிகளைக் காவலில் வைப்பது, கொண்டுபோவது, எண்ணுவது எல்லாம் சொல்லித்தர ஒரு வாத்தியார் தேவைப்பட்டது. பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. ஆனால் ஒரு கறை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோலார்பேட்டை தாண்டி ஒரு கைதி ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிட்டான். அவன் சர்வீஸ் ஏட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறிவிட்டது. மேஜர் நேற்று சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த ஒரு வேலையைச் சுத்தமாக முடித்து ரசீதோடு வந்தால் பள்ளிக்கூடம். இன்னொரு சிவப்பு வரி விழுந்தால் கையிலிருக்கும் இரண்டு பட்டையும் போய், அவனே கம்பிக்கு அந்தப் பக்கம்.

ராணுவத்தில் துப்பாக்கி பிடிக்கிறவனுக்குப் பாட்டு உண்டு, பீரங்கிக்காரனுக்கு மெடல் உண்டு. கைதியைக் காக்கிறவனுக்கு ரசீது மட்டும்தான். 'உயிருள்ள உடல் ஒன்று, சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். பீளமேட்டில் பஞ்சு வியாபாரிகள் மத்தியில் வளர்ந்த சென்னகிருஷ்ணனுக்கு அந்த வாசகத்தை முதல் தடவை படித்ததும் சிரிப்பு வந்தது. அப்பா பஞ்சுப் பொதியைப் பேல் பேலாக அனுப்பும்போதும் இதே மாதிரிதான் எழுதி வாங்குவார். ஒரே வித்தியாசம், பேலுக்குக் கால் கிடையாது.

இந்த வேலையின் அருமை அவனுக்குக் கொரியாவில் விளங்கியது. ஐம்பத்து மூன்றில் சண்டை நின்றதும், ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று அடம் பிடித்த இருபதாயிரத்துச் சொச்சம் போர்க்கைதிகளைக் காக்க இரண்டு தரப்பும் சம்மதித்து அழைத்தது இந்தியப் பட்டாளத்தை. பூட்டிப் போட்டவர்களைத் தப்பிக்கவிடாமல் காப்பது சாதாரண வேலை. விட்டாலும் போகமாட்டேன் என்கிறவனைக் காப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்பி வேலிக்குள்ளே கைதிகள் ஒரு நாள் நம் அதிகாரி ஒருவரையே இழுத்து வைத்துக்கொண்டார்கள். சுட்டிருந்தால் நூறு பிணம் விழுந்திருக்கும். பெரிய தளபதி வெறுங்கையோடு உள்ளே போனார், விருந்தாளிக்கு டீ கூடக் கிடையாதா என்று கேட்டு உட்கார்ந்தார், பேசிப் பேசியே ஆளை மீட்டு வந்தார் என்று முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். பனியில் பல் கிட்டிப்போய் நின்றிருந்த சென்னகிருஷ்ணனுக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. அட, இதுவும் பேரம்தானா என்று தோன்றியது. பேரம் என்றால் அவன் பிறந்த வீடு.

அவிநாசி நெருங்கும்போது பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்தை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. டிரைவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார். மணி மூன்றரை தாண்டியிருந்தது. போத்தனூர் இன்னும் முப்பது மைல்.

சாலைக்குப் பக்கத்திலேயே மாட்டுச் சந்தை. காங்கேயம் காளைகள், மயிலைகள், செவலைகள், தூசி, சாணி வாசனை, சலங்கை, கூச்சல். தம்பிதுரையின் முகம் சுருங்கியது. அவன் ஊர் இங்கிருந்து நடக்கிற தூரம். அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும்.

"ஏனுங்க சார், கலியாணத்துக்கு நிக்கற தங்கச்சி ஒண்ணு இருக்குதுங்க" என்றான் மெதுவாக. "விலங்கோட பாத்தாங்கன்னா அவளை ஒருத்தனும் கேட்டு வரமாட்டானுங்க. மேல எதையாச்சும் போட்டு மூடுங்க."

கைதியை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்பதும் விதிதான். சென்னகிருஷ்ணன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து இருவர் கையின் மேலும் போட்டான். லாரி ஏதாவது கிடைக்குமா என்று சந்தைக்குள் நடந்தார்கள்.

பத்தடி போயிருப்பார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலு பேர். துண்டுக்கு அடியில் இரண்டு கை கோத்திருந்தால் கொங்குச் சீமையில் அதற்கு ஒரே அர்த்தம்: மாட்டு விலை நடக்கிறது. வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தே விலை கேட்பார்கள், விரலைப் பிடித்தே மறுப்பார்கள். விலை மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. கை உள்ளே இருக்கும் வரை குறுக்கே யாரும் பேசக் கூடாது, துண்டைத் தூக்கிப் பார்ப்பது பெரிய அசிங்கம். எவன் முதலில் கையை உருவுகிறானோ அவன் பேரத்தை முறித்தவன்.

வழக்கமாக இது இரண்டு நிமிஷக் காரியம். இவர்களோ நடக்கிறார்கள், நிற்கிறார்கள், டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கையால் டீ குடிக்கிறார்கள். கை மட்டும் பிரிவதில்லை. கால் மணி நேரத்தில் பின்னால் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அரை மணியில் சந்தையே திரும்பிவிட்டது. இவ்வளவு நேரம் விலை முடியாத காளை எப்பேர்ப்பட்ட காளையாக இருக்கும், எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள்.

தரகர் திருமலைசாமிக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சந்தையில் முப்பது வருஷமாக அவருக்குத் தெரியாமல் ஒரு கன்றுக்குட்டி கைமாறியதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பிதுரையை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. தன் கூட்டாளி மகன், மிலிட்டரிக்குப் போன பையன். பிறகு சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"ஏனுங்ணா, இடது கையிலயா வெலை பேசறீங்க?"

கூட்டம் கப்பென்று அடங்கியது. இடது கையில் விலை பேசுவது, சாப்பாட்டை இடது கையில் பரிமாறுகிற மாதிரி. சென்னகிருஷ்ணன் துண்டின் நுனியை வலது கையால் அழுத்திப் பிடித்தான். இந்த இடத்தில் தம்பிதுரை ஒரே ஒரு உதறு உதறினால் போதும். துண்டு விழும், விலங்கு தெரியும். சுற்றிலும் நானூறு பேர், அத்தனையும் அவன் சாதி சனம், அப்பாவின் கூட்டாளிகள். பத்தடி தூரத்தில் ஒரு லாடக்காரன் காளையைச் சாய்த்துப் போட்டுக் குளம்பில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கையில் உளி, சுத்தியல். விலங்கை வெட்ட அவனுக்கு மூன்று அடி போதும்.

தம்பிதுரை லாடக்காரனைப் பார்த்ததை சென்னகிருஷ்ணன் பார்த்தான். சென்னகிருஷ்ணன் பார்த்ததைத் தம்பிதுரையும் பார்த்தான்.

"அவிய பீளமேட்டு நாயுடுங்க மாமா" என்றான் தம்பிதுரை, பஸ்ஸில் பேச்சுவாக்கில் கேட்டதை வைத்து, சாவகாசமாக. "பஞ்சு ஏவாரம். இடது கையில பேசுனாத்தான் ராசியாமுங்க. என்ன பண்றது, வாங்கற ஆளு அவியளாச்சே."

சிரிப்பு அலை மாதிரி பரவியது. பீளமேட்டு நாயுடு என்றால் எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் அங்கே மன்னிப்பு உண்டு, கையில் பசை இருக்கிற வரைக்கும். திருமலைசாமி தலையை ஆட்டினார். சென்னகிருஷ்ணனுக்கு மூச்சு வந்தது. அதே சமயம் துண்டுக்குள்ளே எதுவோ நடந்தது. தம்பிதுரையின் விரல்கள் அவன் விரல்களைத் தேடிப் பிடித்தன.

முழுக் கையையும் உள்ளங்கையோடு சேர்த்து ஒரு தடவை பிடித்தான். முழுப்பிடி என்றால் பத்து. இன்னொரு முழுப்பிடி. பிறகு விரல்களை மட்டும், ஐந்து, பிறகு மூன்று.

இருபத்தெட்டு.

பஞ்சோ, மாடோ, விரல் கணக்கு சென்னகிருஷ்ணனுக்கு எட்டு வயசிலேயே அத்துப்படி. அந்த எண்ணின் அர்த்தமும் ராணுவ போலீஸ்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. லீவு முடிந்து வராமல் இருந்தவன் என்று வைத்தால் கமாண்டிங் ஆபீசரே விசாரித்து அதிகபட்சம் இருபத்தெட்டு நாள் காவலில் போடலாம். அதோடு தீர்ந்தது. பட்டாளத்தைவிட்டே ஓடிப்போனவன் என்று வைத்தால் கோர்ட் மார்ஷல், வருஷக் கணக்கில் ஜெயில், பேரே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவன் மனசில் என்ன இருந்தது என்கிற ஒரே கேள்வி. தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்கவில்லை என்று கூட்டி வந்தவன் சாட்சி சொன்னால் தராசு சாயும்.

சென்னகிருஷ்ணனுக்கு ரத்தம் துள்ளியது. பிடிபட்ட கைதி, தன்னையே சரக்காக வைத்து, நானூறு பேர் நடுவில் துண்டுக்கு அடியில் விலை பேசுகிறான். இதைவிட அழகான பேரத்தை அவன் அப்பா கூடப் பார்த்திருக்கமாட்டார். உடனே ஒத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகில்லை என்பதால் இரண்டு நொடி சும்மா இருந்தான். பிறகு அதே எண்ணைத் திருப்பிப் பிடித்தான்.

பேரம் முடிந்தது. ஆனால் போய்ச் சேர வண்டி வேண்டுமே.

வண்டி தானாக வந்தது. பாலுசாமிக் கவுண்டர் என்று ஒரு பண்ணையக்காரர், யுத்த டிஸ்போசலில் ஏலம் எடுத்த பழைய ஜீப்பை வைத்திருந்தவர், கூட்டத்தைப் பார்த்து வந்தார். சந்தையில் நல்ல காளை ஒன்று தன்னைக் கேட்காமல் வேறு ஊருக்குப் போவது அவருக்குத் தன் வீட்டுப் பெண்ணை யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. திருமலைசாமி அவர் காதில் ஓதினார்: பையன் மிலிட்டரி, கூட இருப்பவர் பீளமேடு. கவுண்டர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். மிலிட்டரிக்குக் காளை எடுக்கிறார்கள். ஒன்று இரண்டு இல்லை, ரயில் கணக்கில்.

காளை எங்கே என்று கேட்டார். சென்னகிருஷ்ணன் பொய் சொல்லவில்லை. மிகுந்த மரியாதையோடு, எல்லாம் போத்தனூரில் ஆறரை மணிக்கு ரயிலில் முடிய வேண்டிய விஷயம், அதற்குமேல் சொல்ல உத்தரவில்லை, பஸ்தான் காலை வாரிவிட்டது என்று மட்டும் சொன்னான். கவுண்டரின் கண் விரிந்த விரிவில் ஜீப்பின் முன்விளக்கு இரண்டும் சின்னதாகிப் போயின. ஏறுங்க என்றார்.

ஏறுவது லேசாக இல்லை. கை கோத்த இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பக்கமாக ஏற வேண்டும், துண்டு நழுவக் கூடாது. சந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஏறி உட்கார்ந்ததும் யாரோ கை தட்டினார்கள். திருமலைசாமி கேட்காமலே முன் சீட்டில் தாவி ஏறினார். தரகர் இல்லாமல் முடிந்த பேரம் செல்லாது என்பது அவர் கட்சி.

கவுண்டர் ஓட்டின ஓட்டில் கணியூர் எப்போது வந்தது, சூலூர்ப் பிரிவு எப்போது போனது என்று தெரியவில்லை. பள்ளத்தில் ஜீப் விழும்போதெல்லாம் நான்கு பேரும் ஆகாயத்துக்குப் போய் வந்தார்கள். திருமலைசாமி ஒரு கையால் தலைப்பாகையையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு, காளைக்குச் சுழி எத்தனை, கொம்பு எப்படி, பல் எத்தனை என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். தம்பிதுரை சளைக்கவில்லை. சுழி சுத்தம், வயசு இருபத்து மூணு, கொஞ்சம் பயந்த சுபாவம், அடிச்சா மிரளும், தட்டிக் குடுத்தா உழவுக்கு ஆகும் என்றான். இருபத்து மூன்று வயசில் காளையா என்று தரகர் விழித்தார். மிலிட்டரிக் கணக்கு வேறுங்க மாமா என்று சொல்லிவிட்டான். சென்னகிருஷ்ணன் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டான்.

பீளமேட்டில் மாட்டினார்கள். மில் சங்கு ஊதி ஷிப்டு விட்டிருந்தது. ரோடு முழுக்க சைக்கிள், நடை, கையில் சோற்றுத் தூக்குப்போசி. ஜீப் நகரவில்லை. மணி ஐந்தரையைத் தாண்டியது. சென்னகிருஷ்ணனின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பெரியப்பா மகன் வெங்கடபதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தவர், ஜீப்பில் தம்பியைப் பார்த்துவிட்டார். எப்போது லீவில் வந்தாய், வீட்டுக்குக் கூட வராமல் என்ன மாட்டு வியாபாரம், அதுவும் இடது கையில் என்று நடுரோட்டில் பிடித்துக்கொண்டார். ராணுவ போலீஸில் பெரிய உத்தியோகம் என்று ரங்கநாயகி சொல்லிக்கொண்டு திரிகிறாளே என்றும் சேர்த்துக்கொண்டார். ரங்கநாயகி அவன் மனைவி. 'போலீஸ்' என்ற சொல் கவுண்டர் காதில் விழாமலிருக்க, சென்னகிருஷ்ணன் தானே கை நீட்டி ஹாரனை அழுத்தினான். வெங்கடபதியின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அண்ணனை ஹாரன் அடித்து விலக்கியதற்கு வீட்டில் ஒரு மாதமாவது பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

அந்த நெரிசலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, தம்பிதுரை அவன் பக்கம் சாய்ந்தான்.

"சாவி அந்த வயித்துவலிக்காரர்கிட்டத்தானுங்களே போச்சு?"

சென்னகிருஷ்ணன் நழுவிய துண்டை இழுத்துச் சரிசெய்தான்.

"பெருந்துறை தாண்டறப்பவே தெரியுமுங்க சார். நீங்க பையைத் தடவிப் பாத்தப்பவே." கொஞ்ச நேரம் சைக்கிள்களைப் பார்த்தான். "லீவு முடியறப்போ அப்பனுக்குக் காலு முறிஞ்சு போச்சு. ஒரு வாரத்துல போயிரலாம்னு இருந்தனுங்க. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. அப்பறம் போனா சுட்டுப்போடுவாங்கன்னு ஒருத்தன் சொன்னான். பயந்துபோட்டேன். அவ்வளவுதானுங்க."

"எவன் சொன்னது?"

"சலூன்காரன்."

ராணுவச் சட்டத்தைச் சலூனில் கற்றுக்கொண்டு ஐந்து மாதம் தறி ஓட்டியிருக்கிறான். இவனைச் சிப்பாயாக்கிய பட்டாளம், சுடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. எதற்குச் சுடமாட்டார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானால் முதல் நாள் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் சென்னகிருஷ்ணன். நினைத்த பிறகுதான் 'வாத்தியாரானால்' என்பதிலிருந்த அந்த 'ஆனால்' முள்ளாகக் குத்தியது. இவன் தப்பிக்க வழி இருந்தது என்று சாட்சி சொன்னால், அந்த வழியைத் திறந்து வைத்தவன் யார்? சாவியைத் தொலைத்தவன், காவலுக்கு ஒற்றை ஆளாக வந்தவன், கைதியைச் சந்தையில் நடக்கவிட்டவன். இவனுக்கு இருபத்தெட்டு வாங்கித் தருகிற ஒவ்வொரு வார்த்தையும் தன் சிவப்பு மை. துண்டுக்குள்ளே திருப்பிப் பிடித்தபோது இது உறைக்கவில்லை. நல்ல வியாபாரி, பேரம் முடிந்த பிறகா கணக்குப் பார்ப்பான்?

சைக்கிள் கூட்டம் விலகியது. கவுண்டர் மிதித்தார். போத்தனூர் ஸ்டேஷன் வாசலில் ஜீப் வந்து நின்றபோது ஆறு இருபது.

ஸ்பெஷல் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் புகைவிட்டது. வாசலில் காவல் நின்ற சிப்பாய், சென்னகிருஷ்ணன் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டிய காகிதங்களைப் பார்த்து அவர்கள் இருவரை மட்டும் உள்ளே விட்டான். கவுண்டரும் தரகரும் கம்பி கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

தம்பிதுரையைப் பெற்றுக்கொள்ள வந்திருந்த அவன் பட்டாளத்து நிர்வாக அதிகாரி, அட்ஜுடன்ட், ஒரு பஞ்சாபிக் கேப்டன். நெடிய ஆள். காகிதத்தை வாசித்தார், தம்பிதுரையின் மச்சத்தைச் சரிபார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்து ரசீதில் நேரத்தைப் போட்டார். ஆறு இருபத்து மூன்று. உயிருள்ள உடல் ஒன்று. கையெழுத்து. காகிதம் சென்னகிருஷ்ணனின் வலது கைக்கு வந்தது. அந்தக் காகிதத்துக்குள் ஒரு பள்ளிக்கூடமே இருந்தது.

வழியில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேப்டன் இந்துஸ்தானியில் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஒன்றுமில்லை சார் என்பதுதான் எல்லாரும் சொல்கிற பதில்.

துண்டுக்குள் தம்பிதுரையின் கை அசையவில்லை. பிடிக்கவும் இல்லை, உருவவும் இல்லை. அப்படியே கிடந்தது. ஞாபகப்படுத்தக் கூட மாட்டேன் என்கிற கை.

சென்னகிருஷ்ணன் விறைப்பாக நின்றான். எல்லாவற்றையும் சொன்னான். மீன் வறுவல், சாவி, டயர், சந்தை, நானூறு பேர், லாடக்காரன். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே உற்சாகம் ஏறி, இடது கையில் விலையா என்று திருமலைசாமி கேட்ட இடத்தில் குரலைக் கூட மாற்றிவிட்டான். கேப்டன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சாவி இல்லை என்று இவனுக்குத் தெரியுமா?"

"பெருந்துறையிலிருந்தே தெரியும், சார்."

"உளி எவ்வளவு தூரம்?"

"பத்தடி, சார்."

"நீ பேசாமல் இருந்திருக்கலாமே."

"கை கொடுத்துவிட்டேன், சார்."

கேப்டன் வேறு ஏதோ யோசிக்கிற மாதிரி ரயிலைப் பார்த்தார். பிறகு காவல் ஹவல்தாரை அழைத்து விலங்கைத் திறக்கச் சொன்னார். எல்லா விலங்குக்கும் ஒரே சாவிதான். துண்டுக்கு அடியிலேயே திறக்க வேண்டும் என்று சென்னகிருஷ்ணன் கெஞ்சினான், கேட்டுக்கு வெளியே பையனின் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள் என்று. ஹவல்தார் மந்திரவாதி மாதிரி துண்டுக்குள் கைவிட்டு, கிளிக் கிளிக் என்று திறந்து, விலங்கைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பிதுரை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ரயில் பெட்டியில் ஏறினான்.

துண்டு இன்னும் சென்னகிருஷ்ணனின் இடது கையில் தொங்கியது. கேப்டன் அதன் அடியில் தன் கையை நுழைத்தார். அவருடைய ஊர்ப்பக்கமும் மாட்டுச் சந்தை உண்டு போலும். இரண்டு முழுப்பிடி. ஐந்து. மூன்று. அழுத்தமாக.

அது பையனுக்கு. அடுத்து சென்னகிருஷ்ணனின் இரண்டு விரல்களை நிமிர்த்தி வைத்தார், இரண்டு பட்டை. ஒன்றை மடக்கினார்.

"உன் மேஜருக்கு நான் இதை எழுதத்தான் வேண்டும்" என்றார். "சாவி சாவிதான்."

சென்னகிருஷ்ணனின் உடம்பில் ஓடியது ஏழு தலைமுறை வியாபாரி ரத்தம். முதல் விலைக்கு ஒத்துக்கொண்டால் அது வெட்கத்தில் உறைந்துவிடும். மடங்கின விரலை மெதுவாக நிமிர்த்தினான். கேப்டன் மறுபடி மடக்கினார். அவன் நிமிர்த்தினான். இன்ஜின் ஊதியது. கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். கேப்டன் மடக்கினார், இந்தத் தடவை பாதி. சென்னகிருஷ்ணன் கையை உருவாமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். ரயில் ஒரு குலுக்குக் குலுங்கியது.

விரலை அப்படியே விட்டுவிட்டுக் கேப்டன் கையை எடுத்தார். ஓடுகிற படியில் தாவி ஏறிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் சாவியாக இருக்கட்டும், அதையும் எழுதுகிறேன் என்று கத்தினார். மீசைக்கடியில் பல் தெரிந்தது.

சென்னகிருஷ்ணன் ரசீதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். கால் தரையில் பாவவில்லை. கவுண்டர் கம்பியை விட்டபாடில்லை. கடைசியில் ஒரு மிலிட்டரி ஆபீசரே துண்டுக்குள் கைவிட்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"முடிஞ்சுபோச்சுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"நானும் இந்த வயசு வரைக்கும் கேக்கக் கூடாததைக் கேட்டதில்லீங்க. இன்னைக்கு ஒருக்கா மட்டும் சொல்லிப்போடுங்க. எத்தனைக்கு?"

சென்னகிருஷ்ணன் தூரத்தில் வளைந்துபோகும் கடைசிப் பெட்டியைப் பார்த்தான். ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இருபத்தெட்டுங்க."

பாலுசாமிக் கவுண்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜீப்பைத் திருப்பும்போதும், அதற்கப்புறம் சிங்காநல்லூர் வரைக்கும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முப்பதுக்கு எடுத்திருப்பனே என்று திருமலைசாமியைத் திட்டிக்கொண்டே போனார்.